குவைத் பாலைவனத்தில் ராணுவ முகாம் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குவைத்தில் அமெரிக்க ராணுவ முகாம்களில் சலவைக்கூடத்திலும் பிறகு கிடங்கிலும் வேலை பார்த்தவன் நான். ஊரில் யாருக்காவது அங்கே விசா வந்தால் என்னைத் தேடி வந்து கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதியிருக்கிறேன்.

எந்த முகாம்கள்? எங்கே இருக்கின்றன?

பெரியது ஆரிஃப்ஜான் முகாம். குவைத் நகரத்துக்குத் தெற்கே இருக்கிறது. 1991 வளைகுடாப் போருக்குப் பிறகு அமெரிக்காவும் குவைத்தும் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. அப்போது தோஹா முகாம்தான் முக்கியம் (கத்தாரின் தோஹா அல்ல, குவைத்திலேயே இருந்த இடம்). பிறகு எல்லாம் ஆரிஃப்ஜானுக்கு மாறியது. வடமேற்கில், இராக் எல்லைப் பக்கம், புயூரிங் முகாம். பழைய ஆட்கள் இன்றும் அதை உதைரி என்றுதான் சொல்வார்கள். அலி அல் சலேம் விமானத் தளமும் உண்டு.

எந்த முகாம் என்பதைப் பொறுத்து உங்கள் வாழ்க்கையே மாறும். ஆரிஃப்ஜானில் வேலை என்றால் மங்காஃப், மஹ்பூலா, ஃபஹாஹீல் பக்கம் தங்கி, தினமும் பஸ்ஸில் போய்வரலாம். சாயங்காலம் கடைத்தெருவில் நாலு தமிழ் முகங்களைப் பார்க்கலாம். புயூரிங் என்றால் சுற்றிலும் மணல், கண்ணுக்கெட்டிய தூரம் ஒன்றுமில்லை. சிலர் வேலியை ஒட்டிய கன்டெய்னர் அறைகளிலேயே மாதக்கணக்கில் இருப்பார்கள். விசா கையில் வாங்குவதற்கு முன் ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: எந்த முகாம், தங்குவது எங்கே?

அமெரிக்க ராணுவத்தில் சேர்வதா இது?

இல்லை. உங்கள் முதலாளி அமெரிக்க ராணுவம் கிடையாது. ராணுவம் ஒரு பெரிய அமெரிக்கக் கம்பெனிக்கு ஒப்பந்தம் கொடுக்கும். அது துணி துவைப்பது, சமையல், துப்புரவு, கிடங்கு, வண்டி ஓட்டுவது என்று பிரித்து வேறு கம்பெனிகளுக்குக் கொடுக்கும். அந்தக் கம்பெனி ஆள் பிடித்துத் தர இன்னொரு குவைத் கம்பெனியை வைத்துக்கொள்ளும். அதற்குக் கீழே சென்னையிலோ மும்பையிலோ ஒரு ஏஜென்ட், அவருக்குக் கீழே உங்கள் ஊரில் ஒரு புரோக்கர். இத்தனை அடுக்குக்கும் அடியில் நீங்கள் நிற்கிறீர்கள். முகாமில் உங்களைப் போன்றவர்களுக்கு டி.சி.என். என்று பெயர். அமெரிக்கரும் இல்லை, குவைத்தியும் இல்லை, மூன்றாவது நாட்டவர் என்று அர்த்தம்.

சம்பளம் குறைவதும், பாஸ்போர்ட் பிடுங்கப்படுவதும், ஓவர்டைம் காணாமல் போவதும் பெரும்பாலும் இந்த நடு அடுக்குகளில்தான். முகாமுக்குள் எல்லாம் எழுத்துப்படி ஒழுங்காக நடக்கும். கேட்டுக்கு வெளியே வந்தால் உங்கள் கம்பெனி வைத்ததே சட்டம் என்பது போல ஆகிவிடும். உங்கள் பக்கம் இருக்கும் சட்டங்கள் கேட்டுக்கு வெளியேயும் செல்லும் என்பதை அதிகம் பேர் சொல்லித் தருவதில்லை. அதனால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

ஏஜென்ட் லட்சக்கணக்கில் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். இந்திய அரசு விதிப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதோடு ஜி.எஸ்.டி. அவ்வளவுதான். அமெரிக்க அரசு ஒப்பந்த வேலைக்கு அதுவும் கூடாது. ஆள் கடத்தலைத் தடுக்க 2015 முதல் நடைமுறையில் இருக்கும் அவர்களுடைய கொள்முதல் விதி, தொழிலாளியிடம் ஆள்சேர்ப்புக் கட்டணமே வாங்கக் கூடாது என்கிறது. பாஸ்போர்ட்டைப் பிடித்துவைக்கக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தம் தேவைப்படும் இடங்களில், தொழிலாளிக்குப் புரியும் மொழியில், ஊரை விட்டுக் கிளம்புவதற்கு ஐந்து நாளுக்கு முன்பே அதைக் கையில் தர வேண்டும். வெளிநாட்டிலிருந்து அழைத்துவந்த ஆளுக்கு வேலை முடிந்ததும் திரும்பும் செலவையும் பொதுவாக முதலாளிதான் ஏற்க வேண்டும். துணை ஒப்பந்தக் கம்பெனிக்கும் அதற்குக் கீழே உள்ள ஏஜென்ட்டுக்கும் இதெல்லாம் பொருந்தும்.

நிலத்தை அடமானம் வைத்து, அக்காவின் நகையை வட்டிக்கு வைத்துப் பணம் கட்டி வந்தவர்களோடு ஒரே அறையில் இருந்திருக்கிறேன். முதல் ஒன்றரை வருடச் சம்பளம் அந்த வட்டிக்கே போகும். கடனோடு வந்தவன் எதையும் எதிர்த்துக் கேட்க மாட்டான். கம்பெனிக்கும் அது வசதியாகிவிடுகிறது.

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்று இருக்கும். குவைத்துக்கு அந்த அனுமதி கட்டாயம். இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் ஏஜென்ட்டின் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டையும் விட்டுவிடாதீர்கள். 2 வருடத்துக்கு 275 ரூபாய், 3 வருடத்துக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம் கிடைக்கும். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் ஒருமுறை விசாரியுங்கள்.

எந்த விசா சரி?

தனியார் கம்பெனி வேலைக்கு 18ஆம் எண் விசா. 20ஆம் எண் வீட்டு வேலைக்கானது. "முதலில் 20இல் வா, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். அந்த விசாவில் கம்பெனி வேலை பார்ப்பதே குற்றம்.

பேட்ஜ் என்கிறார்களே, அது என்ன?

முகாமுக்குள் நுழைவதற்கான அடையாள அட்டை. குவைத் வந்ததும் மெடிக்கல், கைரேகை, அகாமா (குடியிருப்பு அனுமதி), பத்தாக்கா (சிவில் ஐ.டி.) என்று ஒரு சுற்று நடக்கும். அதற்குப் பிறகு முகாமின் பின்னணிச் சோதனை: பத்து விரல் ரேகை, கருவிழி, முகப் படம், பெயர் விசாரணை. பெயரின் எழுத்துகள் பாஸ்போர்ட்டில் ஒருவிதமும் பத்தாக்காவில் இன்னொருவிதமும் இருந்தால் அங்கேயே நிற்கும். நமக்கு அப்பா பெயர், முதலெழுத்துக் குழப்பம் சகஜம். ஊரிலேயே பாஸ்போர்ட்டில் பெயரைச் சரியாக விரித்து எழுதிக்கொண்டு வாருங்கள்.

பேட்ஜ் வரும்வரை கம்பெனி உங்களை அறையில் உட்காரவைக்கும். அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்பதை ஒப்பந்தத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பேட்ஜ் தொலைந்தால் உடனே சொல்லிவிட வேண்டும், ஒளிக்கவே கூடாது. ஒருமுறை பேட்ஜ் பறிபோனால் மறுபடி கிடைப்பது அபூர்வம். பேட்ஜ் இல்லாத ஆளுக்கு அந்தக் கம்பெனியில் வேறு வேலையும் இருக்காது.

ஒரு நாள் எப்படிப் போகும்?

விடியற்காலை மூன்று மூன்றரைக்கு எழ வேண்டும். எட்டுப் பேருக்கு ஒரு குளியலறை, அதனால் வரிசை. நாலு, நாலரைக்கு பஸ். பஸ்ஸில் ஏறியதும் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். கேட்டில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, ரேகை வைத்து, மறுபடி ஏற வேண்டும். வண்டிக்கு அடியில் கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள், நாய் வந்து மோப்பம் பிடிக்கும். எச்சரிக்கை நிலை கூடுதலாக இருந்தால் இதற்கே ஒரு மணி நேரம் ஆகும். பிறகு 12 மணி நேர ஷிஃப்ட். திரும்பவும் அதே கேட், அதே பஸ். அறைக்கு வந்து சமைத்துச் சாப்பிட்டுப் படுக்க ஒன்பதரை பத்தாகிவிடும். வாரத்தில் ஆறு நாள் இப்படித்தான், சில கம்பெனிகளில் ஏழு நாளும்.

சலவைக்கூட வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நிறையத் தமிழர்கள் அதில்தான் சேர்கிறார்கள். சிப்பாய் பையைக் கொண்டுவந்து கொட்டுவார். அவர் கண் முன்னாலேயே எண்ணி, சட்டை எத்தனை, காலுறை எத்தனை என்று சீட்டில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஒருவர் துணி இன்னொருவர் துணியோடு கலக்கக் கூடாது, தனித்தனி வலைப்பையில்தான் துவைக்க வேண்டும். சீருடைக்குக் கஞ்சி கிடையாது. துணியைப் பளிச்சென்று காட்டும் சோப்புத்தூளும் கூடாது. அந்த ரசாயனம் பட்ட துணி இரவுப் பார்வைக் கருவியில் மின்னும், எதிரிக்கு ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். இதை முதல் வாரத்திலேயே சொல்லித் தருவார்கள். ஒரு சோப்பில் ஒரு உயிர் இருக்கிறது என்று தெரிந்த பிறகு அந்த வேலையை யாரும் அலட்சியமாகச் செய்வதில்லை.

பாக்கெட்டுகளைத் துழாவாமல் இயந்திரத்தில் போடவே கூடாது. பேனா, லைட்டர், பணம், சில சமயம் தோட்டாகூட வரும். தோட்டா வந்தால் கையில் எடுத்துக்கொண்டு அலையாமல் சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள். கேள்வி கேட்காமல் அதைப் போட்டுவிட முகாமில் தனிப் பெட்டி வைத்திருப்பார்கள்.

வெயில் தாங்க முடியுமா?

2016 ஜூலை 21 அன்று குவைத்தின் மித்ரிபாவில் 53.9 டிகிரி பதிவானது. ஆசியாவிலேயே அதுவரை உறுதிசெய்யப்பட்டதில் அதுதான் உச்சம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 45க்கு மேல் என்பது சாதாரண நாள். கைப்பிடி, ஸ்பேனர், வண்டிக் கதவு எதையும் வெறும் கையால் தொட முடியாது. புயூரிங் பக்கம் உலர்ந்த வெயில், வியர்வை வருவதே தெரியாமல் உடம்பு காயும். ஆரிஃப்ஜான் கடலுக்குப் பக்கம் என்பதால் ஆகஸ்ட் செப்டம்பரில் புழுக்கம் சேர்ந்துகொள்ளும், சட்டை பிழியப் பிழிய நனையும். எனக்குப் புழுக்கம்தான் மோசம்.

முகாமில் வெயிலுக்குக் கொடி வைத்திருக்கிறார்கள். வெப்பம், ஈரம், வெயிலின் கடுமை, காற்று எல்லாம் சேர்த்து ஓர் அளவு எடுத்து வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று ஏற்றுவார்கள். அந்த அளவு 90 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் கறுப்பு. கறுப்புக் கொடியில் கடுமையான வேலை என்றால் மணிக்குப் பத்து நிமிடம் வேலை, ஐம்பது நிமிடம் ஓய்வு என்பது அமெரிக்க ராணுவத்தின் கணக்கு. நடுத்தர வேலைக்கு இருபது நிமிடம் வேலை, நாற்பது ஓய்வு. இந்த அட்டவணை சிப்பாய்களுக்காகப் போட்டது. ஆனால் உங்கள் ஃபோர்மேன் கறுப்புக் கொடியில் பெட்டி தூக்கச் சொன்னால், கொடியைக் காட்டிப் பேசலாம். முகாமின் பாதுகாப்பு அதிகாரி காதுக்கு விஷயம் போனால் கம்பெனிக்குத்தான் சிக்கல்.

குவைத் சட்டமும் உண்டு. ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை, பகல் 11 முதல் 4 வரை திறந்தவெளி வேலைக்குத் தடை.

தண்ணீர் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பாட்டில் தண்ணீர் அடுக்கடுக்காக முகாம் முழுக்க வைத்திருப்பார்கள், காசில்லை. கடும் வெயிலில் மணிக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர்வரை குடிக்கச் சொல்வார்கள். ஆனால் மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தொடக் கூடாது, நாளுக்கு 11 லிட்டரைத் தாண்டக் கூடாது. உப்பு இறங்காமல் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறி ஊற்றினால் ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கமும் வலிப்பும் வரும். சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள். மோரில் உப்புப் போட்டு ஒரு பாட்டில் எடுத்துப்போனால் நல்லது. வியர்வை நின்று, தோல் சுட்டு, பேச்சு குழறினால் அது வெப்ப அதிர்ச்சி. ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் நிழலில் படுக்கவைத்து, ஐஸ் தண்ணீர் ஊற்றி, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வியர்வை இருக்கிறதே என்றும் காத்திருக்காதீர்கள், புத்தி தடுமாறினாலே போதும்.

தூசிப் புயல், குளிர், மழை?

ஜூன் ஜூலையில் வடமேற்கிலிருந்து ஷமால் காற்று வீசும். அடிவானத்தில் செம்மண் சுவர் எழும்பி வருவதைப் பார்க்கலாம். அது வந்துவிட்டால் நீட்டிய கை தெரியாது. கண்ணாடியும் முகமூடியும் பையில் எப்போதும் இருக்கட்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலைக்கு வராமல் இருப்பது நல்லது என்று வெளிப்படையாகவே சொல்வேன்.

ஜனவரியில் பாலைவன இரவு நடுக்கிவிடும். "குவைத்துக்கு ஸ்வெட்டரா?" என்று ஊரில் சிரிப்பார்கள். எடுத்து வையுங்கள். மழை கொஞ்ச நாள்தான், ஆனால் வந்தால் தண்ணீர் போக வழியிருக்காது. 2018 நவம்பரில் சாலைகள் மூழ்கி, பொதுப்பணி அமைச்சரே பதவி விலகினார்.

சாப்பாடு எப்படி?

முகாமின் உணவுக்கூடத்தை டீஃபேக் என்பார்கள். காலை, மதியம், இரவு, நடுநிசி என்று நாலு வேளையும் நடக்கும். ஆனால் அது சிப்பாய்களுக்கு. டி.சி.என். உள்ளே சாப்பிடலாமா என்பது உங்கள் கம்பெனியின் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பல கம்பெனிகள் தனியாக மெஸ் சாப்பாடு கொண்டுவரும்: சோறு, பருப்பு, கோழிக்குழம்பு, குபூஸ் (அரபு ரொட்டி). ருசி சமையல்காரர் யார் என்பதைப் பொறுத்தது.

டீஃபேக்கில் வேலை செய்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. மிஞ்சிய உணவை எடுத்துப்போகக் கூடாது, ஒரு ஆப்பிளைக்கூட. பிடிபட்டால் பேட்ஜ் போய்விடும். தட்டுத் தட்டாகக் கோழியும் கேக்கும் குப்பைக்குப் போகும்போது நம் கை கூசும். சோற்றைக் காலால் மிதித்தால் தொட்டுக் கும்பிடச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அது அவர்களுடைய சுகாதார விதி, மாற்ற முடியாது. தெரிந்துகொண்டு போனால் மனசு கொஞ்சம் தயாராக இருக்கும்.

அறையில் கூட்டாகச் சமைப்பதுதான் பணத்துக்கும் வயிற்றுக்கும் நல்லது. ஃபஹாஹீலிலும் மங்காஃபிலும் நம்மூர் அரிசி, புளி, கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் கிடைக்கும். எங்கள் அறையில் ராமநாதபுரத்துக்காரர், யாழ்ப்பாணத்து அண்ணன், திருச்சூர்க்காரர் என்று கலந்து இருந்தோம். வெள்ளிக்கிழமை மீன்குழம்பை யார் வைப்பது என்பதில் தொடங்கும் பேச்சு மதியம் சாப்பிட்டு முடிக்கும்வரை போகும்.

எதெல்லாம் செய்யவே கூடாது?

படம் எடுக்காதீர்கள். கேமரா உள்ள போனை முகாமுக்குள் அனுமதிப்பதா என்பதே இடத்துக்கு இடம் மாறும். அனுமதித்தாலும் கேட், வண்டி, விமானம், கட்டடம் எதையும் எடுக்காதீர்கள். சமூக வலைத்தளத்தில் "இன்று எங்கள் முகாமில்" என்று ஒரு வரிகூட வேண்டாம். மதுவுக்கு நாட்டிலேயே தடை, முகாமிலும் தடை. தெருநாய், பூனைக்குச் சோறு போடுவதும் விதிப்படி தவறு. ராணுவத்தின் பொது ஆணையிலேயே அது இருக்கிறது, வெறிநாய்க்கடி பயம்தான் காரணம். இருட்டினால் ஒளிரும் பட்டை இல்லாமல் நடக்காதீர்கள்.

ரமலான் மாதத்தில்?

குவைத் சட்டப்படி நோன்பு நேரத்தில் பொது இடத்தில் சாப்பிட்டால், குடித்தால் 100 தினார் வரை அபராதம், ஒரு மாதம் வரை சிறை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதும் இதில் சேரும். முகாமுக்குள் போனபின் குடித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கச் சிப்பாய்கள் நம்மை எப்படி நடத்துவார்கள்?

பெரும்பாலும் மரியாதையாகத்தான். பெயர் தெரியாவிட்டால் "மை ஃப்ரெண்ட்" என்பார்கள். பாதிப் பேருக்கு வயது இருபதைத் தாண்டியிருக்காது. முதல்முறை வீட்டை விட்டு வந்து தூக்கம் வராமல் சலவைக்கூட பெஞ்சில் வந்து உட்காரும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். நம் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பார்கள். ஒன்பது மாதத்திலோ ஒரு வருடத்திலோ அவர்கள் படை கிளம்பிவிடும், புதுப் படை வரும். நாம் அங்கேயே இருப்போம்.

பொருள் கொடுத்தால் வாங்காதீர்கள். அன்பாகத்தான் கொடுப்பார்கள், ஆனால் கேட்டில் சோதனையின்போது அது திருட்டாகத் தெரியும்.

முகாம் கடையில் பொருள் வாங்கலாமா?

பி.எக்ஸ். எனப்படும் அந்தக் கடையில் பொதுவாக டி.சி.என். பேட்ஜுக்கு வாங்கும் உரிமை இல்லை. அங்குள்ள பொருள் வரியில்லாமல் நாட்டுக்குள் வந்தது, வெளியே கொண்டுபோய் விற்றால் கடத்தல் வழக்கு. கடையில் வேலை கிடைத்தால் ஒரு விசித்திரத்தைப் பார்ப்பீர்கள். அமெரிக்கச் சில்லறை நாணயங்களுக்குப் பதிலாக 5, 10, 25 சென்ட் அச்சிட்ட அட்டை வில்லைகளைத் தருவார்கள். நாணயத்தை விமானத்தில் ஏற்றினால் கனம் என்று 2001 வாக்கில் கொண்டுவந்த ஏற்பாடு அது.

ஆபத்து உண்டா?

உண்டு, மறைக்க மாட்டேன். மண்ணிலேயே ஒரு ஆபத்து இருக்கிறது. 1990-91 போரில் புதைத்த கண்ணிவெடிகளும் வெடிக்காத குண்டுகளும் பாலைவனத்தில் இன்னும் கிடைக்கின்றன. மணல் நகர நகர, புதைந்தது மேலே வரும். பாதையை விட்டு இறங்கி நடக்காதீர்கள். மணலில் கிடக்கும் எந்த இரும்பையும் தொடாதீர்கள். 1991 ஜூலை 11 அன்று தோஹா முகாமில் வெடிமருந்து வண்டி ஒன்றில் பிடித்த தீயே எத்தனையோ வண்டிகளை அழித்தது. சண்டை முடிந்து நாலு மாதம் கழித்து நடந்தது அது.

ஏவுகணை ஆபத்தும் உண்மையானது. 2020 ஜனவரியில் இராக்கின் அயின் அல் அசாத் தளத்தையும், 2025 ஜூன் 23 அன்று கத்தாரின் அல் உதைத் தளத்தையும் இரான் ஏவுகணையால் தாக்கியது. சைரனும் ஒலிபெருக்கி அறிவிப்பும் ஆங்கிலத்தில்தான் வரும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பதுங்கு அறை எங்கே என்று நடந்துபோய்ப் பார்த்துவிடுங்கள். டி.சி.என்.களுக்கும் அதில் இடம் உண்டா, எந்த அறை என்று சூப்பர்வைசரிடம் நேரடியாகக் கேளுங்கள். இதைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம்.

குவைத் என்று சொல்லிக் கூட்டிப்போய் இராக்குக்கு அனுப்பினால்?

மறுக்கலாம், மறுக்க வேண்டும். 2004இல் குவைத் கம்பெனி ஒன்றின் லாரி ஓட்டிப்போன மூன்று இந்தியர்கள் இராக்கில் பிணையாகப் பிடிக்கப்பட்டு, செப்டம்பர் 1 அன்றுதான் விடுதலையானார்கள். அதே வருடம் ஆகஸ்டில் 12 நேபாளிகள் கொல்லப்பட்டார்கள். ஜோர்டானில் ஹோட்டல் வேலை என்று சொல்லி அழைத்துவரப்பட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். அமெரிக்கத் தளம் ஒன்றுக்கு வேலைக்குக் கொண்டுபோகும் வழியில் அது நடந்தது. ஒப்பந்தத்தில் எந்த நாடு என்று எழுதியிருக்கிறதோ அந்த நாட்டில் மட்டும்தான் வேலை. வேறு நாட்டுக்குப் போகச் சொன்னால், தூதரகத்துக்குத் தகவல் சொல்லாமல் வண்டியில் ஏறாதீர்கள்.

வேலையில் அடிபட்டால் யார் பொறுப்பு?

மிக முக்கியமான கேள்வி இதுதான், ஆனால் யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் 1941இலேயே வந்த ராணுவத் தளத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, டிஃபன்ஸ் பேஸ் ஆக்ட் என்று பெயர். வெளிநாட்டு அமெரிக்கத் தளங்களில் ஒப்பந்த வேலை செய்பவர் எந்த நாட்டவராக இருந்தாலும், துணை ஒப்பந்தக் கம்பெனி ஆளாக இருந்தாலும், கம்பெனி அவருக்குக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். அடிபட்டால் மருத்துவச் செலவு அவர்களுடையது. வேலை செய்ய முடியாத காலத்துக்குச் சராசரி வாரச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும். இறந்தால் மனைவிக்குச் சம்பளத்தில் பாதி, குழந்தைகள் இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு வரை.

அடிபட்ட 30 நாளுக்குள் எழுத்தில் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். ஒரு வருடத்துக்குள் அமெரிக்கத் தொழிலாளர் துறையில் கோரிக்கை பதிய வேண்டும். "சின்ன அடிதானே, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்" என்று டிக்கெட் போட்டு அனுப்பிவிடுவார்கள், கவனம். முகாம் மருத்துவ அறையில் பதிவான சீட்டின் நகல், சூப்பர்வைசருக்கு அனுப்பிய செய்தி, உடன் இருந்தவர் பெயர் எல்லாம் உங்களிடம் இருக்கட்டும். வீட்டில் மனைவிக்கும் இந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லிவையுங்கள். கணவர் இறந்த பிறகு எங்கே கேட்பது என்றே தெரியாமல், கம்பெனி கொடுத்ததை வாங்கிக்கொண்ட குடும்பங்கள் உண்டு.

இதில் ஒரு அநீதியும் இருக்கிறது. அமெரிக்கர் அல்லாத வெளிநாட்டவருக்கு எதிர்காலத் தவணைகளை மொத்தமாகக் கணக்கிட்டு, அதில் பாதியைக் கொடுத்து முடித்துவிட அந்தச் சட்டமே இடம் தருகிறது. ஒரே இயந்திரத்தில் கை போனால் ஒருவர் கைக்கு முழு விலை, இன்னொருவர் கைக்குப் பாதி விலையா? ராணுவத் தளங்களில் குப்பை எரித்த குழிகளின் புகை விஷயத்திலும் இப்படித்தான். 2022 ஆகஸ்டில் அமெரிக்கா கொண்டுவந்த சட்டம் முன்னாள் படைவீரர்களின் நோய்களை ஏற்றுக்கொண்டது. அதே புகையைச் சுவாசித்த ஒப்பந்தத் தொழிலாளிக்கு அதில் இடமில்லை, நான் முன்னே சொன்ன 1941 சட்டம்தான் ஒரே வழி.

சம்பளம், ஓவர்டைம் கணக்கு?

குவைத்தின் 2010ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. அதற்கு மேல் போனால் அந்த நேரத்துக்கு ஒன்றேகால் மடங்கு. வார விடுமுறையில் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு, மாற்று விடுமுறையும் உண்டு. வருடத்துக்கு 30 நாள் சம்பளத்தோடு விடுப்பு.

12 மணி நேர ஷிஃப்ட்டுக்கு "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று ஒரே தொகை பேசினால், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று தனியாக எழுதி வாங்குங்கள். ஓவர்டைமும் இன்டெம்னிட்டியும் (வேலை முடிந்து போகும்போது தரும் பணிக்கொடை) அதை வைத்துத்தான் கணக்காகும். வேலை செய்த நேரத்தைத் தினமும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு தொழிலாளர் துறையில், அதாவது ஷூனில், புகார் கொடுக்க நேர்ந்தால் அந்த நோட்டு பேசும்.

தங்கும் இடத்தில் என்ன பார்க்க வேண்டும்?

வெளியேறும் வழியை. 2024 ஜூன் 12 விடியற்காலையில் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று எரிந்தது. இறந்தவர்களில் 45 பேர் இந்தியர்கள், தமிழர்களும் இருந்தார்கள். அறைகளைப் பிரித்த தடுப்புகள் எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனவை, மொட்டைமாடிக் கதவு பூட்டியிருந்தது என்று தீயணைப்புத் துறை சொன்னது. மேலே ஓடியவர்களும் கீழே ஓடியவர்களும் புகையில் சிக்கினார்கள். அந்தத் தெருவில் நடந்திருக்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன். மாடிக் கதவு திறந்திருக்கிறதா, படிக்கட்டில் சிலிண்டர் அடுக்கியிருக்கிறார்களா, ஒரு பிளக்கில் எத்தனை ஒயர் தொங்குகிறது என்று போன அன்றே பாருங்கள். சரியில்லை என்றால் அறையில் உள்ள எல்லோரும் சேர்ந்து கையெழுத்திட்டு எழுதிக் கொடுங்கள். தனி ஆளாகக் கேட்டால் தட்டிக்கழிப்பார்கள்.

வீட்டோடு பேச நேரம் கிடைக்குமா?

குவைத்தை விட நம்மூர் இரண்டரை மணி நேரம் முன்னால். நீங்கள் இரவு ஒன்பதுக்கு அறைக்கு வந்தால் ஊரில் பதினொன்றரை, பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். வார நாளில் பேச ஏற்ற நேரம் விடியற்காலை பஸ்தான், அங்கே ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். பல அப்பாக்கள் அந்தப் பத்து நிமிடத்துக்காகத் தூக்கத்தை விடுவார்கள். ஷிஃப்ட் நேரத்தில் போன் எடுக்க முடியாது, எடுக்காவிட்டால் பயப்பட வேண்டாம் என்று வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள்.

மனசு சரியில்லாத ஆள் அறையில் இருந்தால் தனியாக விடாதீர்கள். சாப்பிடாமல் படுப்பது, சம்பளம் அனுப்பாமல் விடுவது, பேச்சைக் குறைப்பது இதெல்லாம் அடையாளம். தூதரகத்தில் குறை கேட்கும் நாள் உண்டு, இந்திய வெளியுறவுத் துறையின் மதத் (MADAD) என்ற இணையதளத்திலும் புகார் பதியலாம்.

ஒப்பந்தம் முடிந்து வேறு கம்பெனி வந்தால்?

சில வருடங்களுக்கு ஒருமுறை ராணுவம் ஒப்பந்தத்தை மறு ஏலம் விடும். அதே சலவைக்கூடம், அதே இயந்திரம், ஆனால் சட்டையில் புதுக் கம்பெனி பெயர். புதுக் கம்பெனி பெரும்பாலும் பழைய ஆட்களையே எடுத்துக்கொள்ளும், பேட்ஜ் வாங்கிய ஆள் அவர்களுக்கும் லாபம். சம்பளத்தைக் குறைக்கப் பார்ப்பதும் அப்போதுதான். பழைய கம்பெனி உங்கள் கணக்கை முடித்துத் தராமல் ரிலீஸ் பேப்பரை மட்டும் நீட்டினால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். "எல்லாப் பணமும் பெற்றுக்கொண்டேன்" என்ற அரபி வரி அதில் இருக்கும். படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

மாதச் சம்பளக்காரருக்கு இன்டெம்னிட்டி முதல் ஐந்து வருடத்துக்கு, வருடத்துக்கு 15 நாள் சம்பளம். அதற்கு மேல் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம். ஒரு நாள் சம்பளம் என்பது மாதச் சம்பளத்தை 26ஆல் வகுப்பது, 30ஆல் அல்ல. காலவரையறை இல்லாத ஒப்பந்தத்தில் நீங்களாக ராஜினாமா செய்தால், மூன்று வருடத்துக்கு மேல் ஐந்துக்குள் என்றால் பாதி, பத்து வருடத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு, அதற்கு மேல் முழுத் தொகை. எடுக்காத விடுப்புக்கும் பணம் உண்டு.

ஊருக்குக் கிளம்பும்போது எதையெல்லாம் கையில் வாங்க வேண்டும்?

கணக்கு முடித்த சீட்டு, அனுபவச் சான்றிதழ் (எந்த முகாம், என்ன வேலை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று இருக்க வேண்டும்), எல்லாச் சம்பளச் சீட்டுகளின் நகல், மருத்துவச் சீட்டுகள், கம்பெனியின் காப்பீட்டு நிறுவனம் எது என்ற விவரம். ஃபோர்க்லிஃப்ட் மாதிரிப் பயிற்சி எடுத்திருந்தால் அந்தச் சான்றையும் கேட்டு வாங்குங்கள், அடுத்த வேலைக்கு உதவும். பேட்ஜைத் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். கொடுக்காமல் போனதாகப் பதிவானால் மறுபடி எந்த முகாமிலும் நுழைய முடியாது. எல்லாவற்றையும் போனில் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அசல் தாள்களைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள்.